வட்டத்துக்குள் யார் நிற்பது

பேக்பைப்பை மெல்ல வாசிக்க முடியாது. வேகத்தைச் சொல்லவில்லை, சத்தத்தைச் சொல்கிறேன். பையை அக்குளில் இடுக்கி, ஊதி நிரப்பி, முழங்கையால் அழுத்தினால் வருவது ஒரே அளவு ஓசை. அதைக் கூட்டவும் வழியில்லை, குறைக்கவும் வழியில்லை. பையில் காற்று இருக்கிறவரை ஒலித்துக்கொண்டே இருக்கும் என்பதால் நடுவில் ஒரு நொடி மௌனம்கூடக் கிடையாது. ஒரே சுரத்தை அடுத்தடுத்து இருமுறை வாசிக்க வேண்டுமென்றால், இடையில் கண்ணிமைக்கும் நேரம் வேறொரு சுரத்தைத் தொட்டுத்தான் பிரிக்க வேண்டும். கையில் இருப்பவை மொத்தமே ஒன்பது சுரங்கள்.

சேர்ந்து பாடும் குழுவில் சுருதி பிசகுகிறவர் உதட்டை மட்டும் அசைத்துத் தப்பித்துவிடலாம். பைப் பேண்டில் அந்த வசதி இல்லை. பத்துப் பேர் வாசிக்கும்போது ஒருவர் தடுமாறினாலும் அது பத்துப் பேருக்கும் கேட்கும். தெருமுனையில் நிற்பவருக்கும் கேட்கும். ஸ்காட்லாந்தின் லானர்க்‌ஷயரில் ஒரு சிற்றூர் பேண்டின் வியாழக்கிழமைப் பயிற்சிகளுக்கு வசந்தத்திலிருந்து கோடைவரை போய்வந்தேன். ஊர் பேண்டை நடத்துவதில் உள்ள பெரும்பாலான சங்கடங்கள் வாத்தியத்தின் இந்தக் குணத்திலிருந்துதான் கிளைக்கின்றன என்று எனக்குத் தோன்றியது.

லானர்க்‌ஷயர் நிலக்கரிப் பூமி. சுரங்கங்கள் மூடிவிட்டன, பேண்டுகள் மிஞ்சியிருக்கின்றன. பக்கத்திலுள்ள ஷாட்ஸ் என்ற சுரங்க ஊரில் 1910இல் தொடங்கிய ஷாட்ஸ் அண்ட் டைக்ஹெட் கலிடோனியா, உலகப் பட்டத்தைப் பலமுறை வென்ற அணி. நான் போன பேண்டு அந்த உயரத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. போட்டிகளை நடத்துவது 1930இல் உருவான ராயல் ஸ்காட்டிஷ் பைப் பேண்ட் அசோசியேஷன். அது அணிகளைத் தரம் பிரித்து வைத்திருக்கிறது. ஷாட்ஸ் போன்றவர்கள் முதல் தரம். இவர்கள் நான்காம் தரத்தில், அதிலும் கீழ்ப் பிரிவில்.

பயிற்சி நடப்பது ஒரு சர்ச்சின் கூடத்தில். உள்ளே நுழைந்தால் முதலில் பைப் கண்ணில் படாது. நீள மேசையைச் சுற்றிப் பதினோரு வயதுப் பிள்ளை முதல் எழுபது வயதுப் பெரியவர்வரை உட்கார்ந்து, ஆளுக்கொரு சாண்டரை ஊதிக்கொண்டிருப்பார்கள். பையும், சுருதி கொடுக்கும் ட்ரோன் குழல்களும் இல்லாத மெல்லிய பயிற்சிக் குழல் அது. அடுத்த அறையில் டிரம்காரர்கள் ரப்பர் பலகைகளில் தட்டுவார்கள். மெட்டை ஊதுவதற்கு முன், வாசிப்பை நடத்தும் பைப் மேஜர் அதை வாயால் பாடிக் காட்டுவார், வெறும் அசைகளாக. இப்படிப் பாடிக் கற்பிக்கும் மரபு இங்கே பழையது. ஸ்கை தீவில் மக்லாய்ட் குலத் தலைவர்களுக்குப் பரம்பரைப் பைப்பர்களாக இருந்த மக்கிரிமன் குடும்பத்தார் இதற்கென்று தனி அசை முறையே வைத்திருந்தார்கள். தவில் சொற்கட்டு கேட்டுப் பழகிய காதுக்கு அந்த மேசையில் அந்நியம் தெரியாது.

பைப் மேஜர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம், "ஒருவரைத் தக்கவைப்பதில் எது கஷ்டம்?" என்று கேட்டேன். மேசையைக் காட்டினார். "இங்கே உட்கார்ந்திருக்கும்போது யாரும் போவதில்லை. இங்கிருந்து எழுந்து அங்கே போகும்போதுதான் போகிறார்கள்." அங்கே என்று அவர் காட்டியது பைப் வாசிப்பவர்கள் நிற்கும் மூலையை.

அது உண்மை. சாண்டரில் ஓராண்டோ அதற்கு மேலோ விரல் பழகியபின் பைப்பைக் கையில் கொடுக்கிறார்கள். அன்றைக்குத் திறமை எல்லாம் போய்விட்டதாகத் தோன்றும். மூச்சு இழுக்கும்போது கை அழுத்த வேண்டும், ஊதும்போது கை தளர வேண்டும். பைக்குள் அழுத்தம் இம்மியும் மாறக் கூடாது. மாறினால் சுருதி ஆடும். மேசையில் மெட்டைத் தண்ணீராக வாசித்த பெண், பையைத் தூக்கியதும் இரண்டு வரிக்குள் முகம் சிவந்து நிறுத்துவதைப் பார்த்தேன். அவளுக்கு மூன்று ட்ரோன்களில் இரண்டைக் கார்க்கு வைத்து அடைத்துக் கொடுத்திருந்தார்கள். காற்று குறைவாகச் செலவாகும் என்பதற்காக. சில வாரம் கழித்து ஒரு கார்க்கை எடுப்பார்கள், பிறகு மற்றதை. இந்தச் சில மாதங்களில் ஆளைத் தனியே விட்டால் அவர் திரும்பி வரமாட்டார். அதனால் இந்த பேண்டில் பைப்புக்கு மாறும் ஒவ்வொருவருக்கும், போன ஆண்டு அதே கஷ்டத்தைப் பட்ட ஒருவரைத் துணைக்கு விடுகிறார்கள். நன்றாக வாசிப்பவரை விடுவதில்லை. "எனக்கு அந்தக் கஷ்டம் மறந்துபோச்சு, நான் சொன்னா எரிச்சல்தான் வரும்" என்றார் பைப் மேஜர். நான் கேட்ட கற்பித்தல் யோசனைகளில் இதை மிக உயரத்தில் வைப்பேன்.

சுருதி சேர்ப்பது ஒரு தனி வேலை. பைப்பில் விரல் வைக்கும் குழலுக்கும் சாண்டர் என்றே பெயர். நாகசுரத்தின் சீவாளியைப் போலவே அதற்குள் இருப்பதும் நாணலில் செய்த இரட்டை நாக்கு. அதை இங்கே ரீடு என்கிறார்கள். ஒத்து செய்கிற வேலையை இங்கே மூன்று ட்ரோன்கள் செய்கின்றன. இரண்டு டெனர், ஒரு பேஸ். சூடு ஏற ஏறச் சாண்டரின் சுருதி மேலேறும். வெளியே குளிர்காற்றில் நின்றால் இறங்கும். ஆகவே முதலில் எல்லோரும் கால் மணி நேரமாவது ஊதிச் சூடேற்ற வேண்டும். பிறகு பைப் மேஜர் ஒவ்வொருவர் முன்னும் நின்று, ரீடைச் சற்று உள்ளே அமுக்குவார் அல்லது வெளியே இழுப்பார். தனிச் சுரம் ஒன்று மட்டும் தூக்கலாக இருந்தால் அந்தத் துளையின் மேல் ஓரத்தில் மின்கம்பி ஒட்டும் டேப்பைத் துளி ஒட்டுவார். அதன்பின் ட்ரோன்களின் நீளத்தை நகர்த்திச் சரிசெய்வார். ஒரு ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். காத்திருப்பவர்களுக்கு அலுப்புத் தட்டும். அலுப்பு தட்டியவர் அடுத்த வாரம் தாமதமாக வருவார். தாமதமாக வந்தவரின் பைப் சூடாகியிருக்காது. அவருக்காக மறுபடி எல்லோரும் காத்திருப்பார்கள். ஒரு பேண்டு கலைவதற்கு இந்தச் சுழலே போதும். இங்கே என்ன செய்தார்கள் என்றால், ட்ரோன் சேர்க்கும் வேலையைப் பதினைந்து வயதுப் பையன் ஒருவனிடம், சுருதி பார்க்கும் கருவியோடு ஒப்படைத்தார்கள். அவன் அதுவரை வாரம் விட்டு வாரம் வருகிறவன். இப்போது கதவு திறக்கும் முன்பே வந்து நிற்கிறான்.

எல்லோருடைய சாண்டரும் ஒரே செய்பவரிடம் ஒரே தொகுப்பாக வாங்கியவை. தனித்தனியாக வாங்கினால் ஒன்றோடொன்று சேராது. அதனால் அவை பேண்டின் சொத்து. விலகுகிறவர் திருப்பித் தர வேண்டும். ட்ரோன்கள் ஆப்பிரிக்கக் கருமரத்தில் கடைந்தவை. மரம் தான்சானியாவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் வருகிறது. புதுப் பைப் வாங்குவது ஒரு குடும்பத்துக்குச் சாதாரணச் செலவல்ல. கில்ட் என்ற மடிப்புப் பாவாடை இன்னொன்று: வழக்கமாக எட்டு கஜம் கம்பளித் துணி. பிள்ளைகள் வளர்வதற்கு ஏற்ப அதைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கும் பொறுப்பு செயலாளர் அம்மாவுடையது. அவர் மருத்துவமனையில் நர்ஸ். பேண்டில் எந்த வாத்தியமும் வாசிக்காதவர். மகள் சேர்ந்தபோது டீ போட வந்து, மகள் படிக்கப் போய்விட்ட பிறகும் தங்கிவிட்டவர். பிள்ளைகளோடு பழகும் தன்னார்வலர்கள் எல்லோருக்கும் பி.வி.ஜி. என்ற அரசுச் சரிபார்ப்பு வாங்குவது, பேருந்து பேசுவது, ஊர்த் திருவிழாவில் வாசித்த பணத்தை வசூலிப்பது, ஜனவரி 25 கவிஞர் பர்ன்ஸ் நினைவு விருந்துகளுக்கு யார் போவது என்று பிரிப்பது எல்லாம் அவர்தான். அவர் ஒரு மாதம் படுத்துவிட்டால் பேண்டு நிற்கும். பைப் மேஜர் படுத்தால் நிற்காது.

இவர்கள் இருவருக்கும் இடையே நடக்கும் சண்டைதான் என்னை அங்கே திரும்பத் திரும்ப இழுத்தது.

ஆகஸ்டில் கிளாஸ்கோ கிரீன் மைதானத்தில் உலகப் போட்டி. நூற்றுக்கணக்கில் பேண்டுகள் வரும். அணி நடந்து வந்து, வட்டமாகி, உள்ளே முகம் பார்த்து நின்று வாசிக்கும். பைப்புக்கு இரண்டு நடுவர், டிரம்முக்கு ஒருவர், ஒட்டுமொத்தச் சேர்க்கைக்கு ஒருவர். தொடக்கம்தான் நெஞ்சைப் பிடிக்கும் இடம். டிரம் இரண்டாம் முறை உருளும்போது எல்லா ட்ரோன்களும் ஒரே நொடியில் எழ வேண்டும், உடனே ஒரு சுரம், உடனே மெட்டு. ஒரு கை முந்தினாலோ பிந்தினாலோ மூடி மறைக்க முடியாது.

பைப் மேஜரிடம் வாசிக்கத் தெரிந்தவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களில் எட்டுப் பேரை மட்டும் வட்டத்தில் நிறுத்தினால் ஒலி சுத்தமாக இருக்கும். மீதி நாலு பேரில் ஒருவர் முதலில் சொன்ன எழுபது வயதுக்காரர். இன்னொருத்தி கார்க்கு வைத்த பெண். "நாலு பேரையும் சேர்த்தால் கடைசி இடம்தான்" என்றார் பைப் மேஜர். "சேர்க்காவிட்டால் அடுத்த வருஷம் உங்களுக்கு எட்டுப் பேர்தான்" என்றார் செயலாளர். அந்த எட்டிலும் இரண்டு பேரை மேல்தர அணிகள் கூப்பிட்டுக்கொண்டிருக்கின்றன என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். நன்றாக வாசிக்கக் கற்பவர் விலகிப்போகவும் கற்கிறார். கீழ்த்தர பேண்டுகளின் தலையெழுத்து அது.

எனக்குச் செயலாளர் பக்கமே நியாயம் தெரிந்தது. ஆனால் அது முழு நியாயம் அல்ல. மோசமாக ஒலிக்கும் பேண்டில் நல்ல வாசிப்பாளர் இருக்கமாட்டார், நல்லவர் இல்லாத பேண்டில் பிள்ளைகள் சேரமாட்டார்கள். இன்வரேரி என்ற சில நூறு பேர் வாழும் கடலோர ஊரை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். ஸ்டூவர்ட் லிடெல் 2003இல் அங்கே உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அதிலிருந்து எழுந்த அணி 2017இலும் 2019இலும் முதல் தர உலகப் பட்டம் வாங்கியது. "நாமும் அப்படி" என்று ஒருவர் கூட்டத்தில் சொன்னபோது பைப் மேஜர் சிரித்தார். லிடெல் உலகத்தின் மிகச் சிறந்த தனி வாசிப்பாளர்களில் ஒருவர். அப்படி ஒருவர் ஊரில் வந்து உட்காருவதைத் திட்டமாக வைத்துக்கொள்ள முடியாது.

கடைசியில் அவர்கள் செய்தது சின்னச் சின்ன விட்டுக்கொடுத்தல்கள். மெட்டுகளைத் தேர்ந்தெடுக்கும்போது மிக வேகமான விரலைக் கணக்கில் வைக்காமல், மெதுவான விரலை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு மெட்டில் விரல் சிக்கும் பகுதி இருந்ததால் அதையே எடுத்துவிட்டார்கள். பெண்ணை வட்டத்தில் நிறுத்தினார்கள், இன்னும் ஒரு ட்ரோன் அடைத்தபடியே. பெரியவரிடம் பைப் மேஜர் தனியாகப் பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் பெரியவர் டெனர் டிரம் அறையில் இருந்தார், கயிறு கட்டிய பஞ்சுக் கோல்களைச் சுழற்றப் பழகிக்கொண்டு. போரில் மாண்டவர்களுக்கான நவம்பர் நினைவு ஞாயிறு ஊர்வலத்தில் மட்டும் பைப்போடு நடப்பார் என்று ஏற்பாடு. பைப்பர் கிடைப்பதைவிட டிரம்காரர் கிடைப்பது இங்கே அரிது என்பதால் அதில் கருணை மட்டும் இல்லை, கணக்கும் இருந்தது. மற்ற இருவரில் ஒருவர் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார். இன்னொருவருக்குத் தன்னை விட்டதே நிம்மதி.

போட்டியில் முதல் சுற்றோடு வெளியே வந்தார்கள். கடைசி இடம் இல்லை. நடுவர் குறிப்புத் தாள்கள் நான்கையும் பைப் மேஜர் பேருந்தில் உரக்கப் படித்தார், திட்டு இருந்த வரிகள் உட்பட. தொடக்கம் சுத்தம் என்று ஒரு தாளில் இருந்தது. அந்த வரியை இரண்டு முறை படிக்கச் சொன்னார்கள்.

செப்டம்பரில், எதிர்பார்த்தபடியே, அழைப்பு வந்துகொண்டிருந்த இருவரில் ஒருவர் மேல்தர அணிக்குப் போனார். பெரிய பேச்சு நடக்கவில்லை. சாண்டரை உறையில் போட்டுச் செயலாளரிடம் கொடுத்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்தச் சாண்டர் மேசையிலிருந்து எழுந்த அடுத்த ஆளுக்குப் போயிற்று. ரீடை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. பழையது புதியவரின் மூச்சுக்கு மிகக் கடினம்.