குளிர் குறையாமல் போன சாலை

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே கிளம்பினால், செங்குன்றம் தாண்டி காரனோடையில் கொசஸ்தலை ஆறு குறுக்கிடும். தச்சூர் கூட்டுச்சாலை, கவரைப்பேட்டை என நெல்வயல்களை ஒட்டியே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புகைபோக்கிகள் தெரியும். அடுத்து எளாவூர் சோதனைச்சாவடி, ஆரம்பாக்கம்; அதற்கப்பால் ஆந்திரா. இரும்பு லாரி, பால் டேங்கர், ஐஸ் பெட்டியோடு மீன் வண்டி என இரவும் பகலும் ஓயாத சாலை.

குளிர் கிடைக்காத சரக்கு என்ன பாடுபடும் என்பதைத் திருவள்ளூர் மாவட்டம் 2020-ல் கண்ணால் பார்த்தது. கொரோனா பரவியதால் மே 5-ம் தேதி கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாறியது. தற்காலிகக் கடைகள், மழை பெய்தால் சேறு. வாங்க ஆள் இல்லாவிட்டால் கீரையும் தக்காளியும் மறுநாளுக்குத் தாங்காது. செப்டம்பர் 28-ம் தேதி கோயம்பேட்டில் காய்கறிக் கடைகள் திறக்கும்வரை இதுதான் நிலை.

அழுகிய தக்காளி கண்ணுக்குத் தெரியும். கெட்டுப்போன தடுப்பூசி தெரியாது. அதுதான் அடுத்த ஆண்டின் கவலை.

2021 ஜனவரி 12-ம் தேதி கோவிஷீல்டு தடுப்பூசி புனேயிலிருந்து விமானத்தில் சென்னை வந்து, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துக் குளிர்பதனக் கிடங்கில் இறங்கியது. அங்கிருந்து குளிர்பதன வண்டிகளில் மாவட்டங்களுக்கு. 16-ம் தேதி ஊசி போடும் பணி தொடங்கியது. கிடங்கு முதல் ஆரம்ப சுகாதார நிலையம்வரை 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். மே மாத வெயிலில் வண்டிக் கதவு கொஞ்ச நேரம் திறந்திருந்தாலே உள்ளே சூடு ஏறிவிடும்.

சூடு மட்டும் பகை இல்லை, உறைந்தாலும் வீண். அதனால், கிராம முகாமுக்குக் கொண்டுபோகும் கைப்பெட்டியில் ஐஸ் பொதிகளை எடுத்தவுடன் வைப்பதில்லை. வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் பதம் வந்த பிறகே அடுக்குவார்கள். குப்பியைத் திறந்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் 10 பேருக்குப் போட்டு முடிக்க வேண்டும்.

சாலை முடிகிற இடத்தில் என்ன செய்வது? மணிப்பூரில் 2021 அக்டோபர் 4-ம் தேதி அதற்கு ஒரு வழி பார்த்தார்கள். பிஷ்ணுபூர் மாவட்ட மருத்துவமனையிலிருந்து லோக்தாக் ஏரியின் காராங் தீவுக்கு ட்ரோனில் தடுப்பூசி போனது. தரை வழியில் 26 கிலோமீட்டர். வான்வழியில் 15 கிலோமீட்டர். கால் மணி நேரத்தில் சேர்ந்துவிட்டது. பொன்னேரிக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரிக்கரையில் நின்று, படகுக்காகக் காத்திருப்பவர்களைப் பார்த்தால் அந்தக் கால் மணி நேரத்தின் அருமை புரியும். ஆனால், ட்ரோன் தூக்குவது சிறு பெட்டி. பெரும் சுமை அன்றும் இன்றும் லாரியுடையதுதான்.

இந்தப் பாடம் கால்நடை வளர்ப்போருக்கும் பொருந்தும். மாடுகளுக்குப் போடும் கோமாரி தடுப்பூசிக்கும் அதே 2 முதல் 8 டிகிரிதான். அதையும் உறைய விடக்கூடாது. கோழிக்கான ராணிக்கெட் தடுப்பு மருந்தை மருந்துக் கடையிலிருந்து சட்டைப் பையில் போட்டு வந்தால் பணமும் போச்சு, கோழியும் போச்சு. ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டுவந்து, கரைத்த 2 மணி நேரத்துக்குள், வெயில் ஏறுவதற்கு முன் கொடுத்துவிட வேண்டும். ஊருக்கு முகாம் வரும்போது, 'ஐஸ் இருக்கிறதா?' என்று பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்ப்பதில் தவறில்லை.

புனேயிலிருந்து எளாவூர்வரை கட்டிக்காத்த குளிர், கடைசி ஒரு கிலோமீட்டரில் தொலைந்தால் அத்தனை பாடும் வீண்.