அடைக்கப்படாத கதவு

லிவர்பூல் நகரில் பணிபுரியும் என் மகனுடைய இல்லத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். மெர்சி ஆற்றைக் கடந்தால் பர்க்கன்ஹெட். அங்குள்ள பூங்காவில் ஒரு மாலை உலவிக்கொண்டிருந்தபோது, "வாப்பா, வேல்ஸ் நாட்டார் இந்த இடத்தை மறப்பதேயில்லை, ஒரு நாற்காலிக்காக" என்றான் மகன். நாற்காலிக்காக என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. வரலாறு முழுவதையும் கேட்டறிந்த பின் அந்தச் சிரிப்புக்காக நாணினேன்.

வேல்ஸ் மக்களுக்குத் தனி மொழி உண்டு. அம்மொழிக்கென ஐஸ்டெத்வோட் எனும் பெருவிழாவும் உண்டு. மரபு யாப்பில் சிறந்த நெடும்பா இயற்றும் புலவருக்குச் சித்திர வேலைப்பாடமைந்த நாற்காலி ஒன்றைப் பரிசளித்து, அதில் அவரை அமர்த்திச் சிறப்பிப்பர். பிழைப்பை நாடி லிவர்பூல் வட்டாரத்தில் குடியேறிய வேல்ஸ் மக்கள் பல்லாயிரவர்; 1917ஆம் ஆண்டின் விழா அதனால் எல்லை தாண்டி இந்தப் பூங்காவிலே நடந்தது. செப்டம்பர் 6ஆம் நாள், வென்ற புலவரின் புனைபெயரை அவையில் அழைத்தார்கள். மீண்டும் மீண்டும் அழைத்தார்கள். ஒருவரும் எழவில்லை. ஐந்து வாரங்களுக்கு முன்னரே, ஜூலை 31 அன்று, பெல்ஜிய நாட்டுப் போர்க்களத்தில் அப்புலவர் மாண்டுபோயிருந்தார். நாற்காலியின்மீது கரிய துணியைப் போர்த்தினார்கள். இன்றளவும் அதன் பெயர் 'கரிய நாற்காலி.'

ஹெத் வின் என்பது அவருடைய கவிப்பெயர். 'தூய அமைதி' என்று பொருள் கொள்ளலாம். இயற்பெயர் எல்லிஸ் எவான்ஸ். அவர் வளர்ந்த வீடு இன்றும் நிற்கிறது என்று அறிந்தபின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த விடுமுறை நாளில் மகன் காரை எடுத்தான்.

வடமேற்கு வேல்ஸின் மலைகளுக்கிடையே டிரௌஸ்வனித் என்றொரு சிற்றூர். ஊருக்குப் புறத்தே, மேய்ச்சல் நிலங்களின் நடுவே, சாம்பல் நிறக் கல்லாலான எளிய பண்ணை வீடு. 'அர் அஸ்கூர்ன்' என்று பெயர். மாட்டுக்கொட்டிலாக இருந்த கட்டடத்தில் இப்போது வருவோரை வரவேற்கிறார்கள். அரண்மனையை எதிர்பார்த்து வருபவர் ஏமாந்து போவார். தாழ்ந்த உத்தரம், பெரிய அடுப்பங்கரை, உழைத்துத் தேய்ந்த மேசை. ஏழை உழவன் வீடு எங்கும் இப்படித்தான் இருக்கும்.

அந்தக் குடும்பத்தின் வழிமுறையை அறிய முயன்றபோதுதான் வீட்டின் அருமை விளங்கியது. பண்டைக் காலத்தில் வேல்ஸ் மக்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம்மிடையே 'பின்' என்றும் 'பின்த்' என்றும் தந்தையைச் சுட்டுவது போலவே, மகனுக்கு 'அப்' என்றும் மகளுக்கு 'வெர்க்' என்றும் சொல்லித் தந்தை பெயரைத் தொடுத்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சட்டமும் எழுத்தர்களும் வந்து சேர, தந்தையின் பெயரே நாளடைவில் மாறாத குடும்பப் பெயராக உறைந்தது. ஜானின் மக்கள் ஜோன்ஸ். எவானின் மக்கள் எவான்ஸ். புலவரின் தந்தை பெயரே எவான் எவான்ஸ்! ஒரே பள்ளத்தாக்கில் நூறு எவான்ஸும் இருநூறு ஜோன்ஸும் இருந்தால் யார் எவர் என்று பிரித்தறிவது எங்ஙனம்? ஆகவே அவர்கள் வீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். ஆளின் பெயருக்குப் பின்னே பண்ணையின் பெயர். பத்தாண்டுக்கொருமுறை எடுத்த பழைய குடிக்கணக்கு ஏடுகளிலும் பண்ணையின் பெயரே குடும்பத்திற்குத் தலைப்பாக நிற்கிறது. எவான்ஸ் என்று தேடினால் கடலில் வீழ்ந்த ஊசி. வீட்டின் பெயரைக் கொண்டு தேடினால் அடுத்தடுத்த தலைமுறைகள் ஒரே கூரையின்கீழ் வந்தமர்கின்றன. வீட்டுப் பெயர் சொன்னால்தான் ஆளை அறியும் ஊர்களிலே பிறந்த நமக்கு இது புதிதன்று.

பதினொரு மக்களில் மூத்தவர் எல்லிஸ். 1887 ஜனவரியில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்து, கைக்குழந்தையாக இங்கு வந்தார். பதினான்கு வயதோடு பள்ளிப்படிப்பு முடிந்தது. பிறகு ஆடு மேய்ப்பதும் பா இயற்றுவதும். இருபதாவது வயதில் பாலா நகர விழாவில் முதல் நாற்காலி. போருக்குச் செல்ல அவருக்கு விருப்பமில்லை. ஆனால் 1916இல் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் வந்தது. பண்ணை வேலைக்குத் தேவையானோர் போக மிஞ்சும் மகனை அனுப்பியே தீர வேண்டும். தம்பி பாப் போகாதிருக்கத் தாம் போனார்.

1917 வசந்தத்தில் உழவுக்காக விடுப்புப் பெற்று ஏழு வாரம் வீட்டிலிருந்தார். அந்த நாட்களில் எழுதிவந்து, பின்னர் பிரான்சில் முற்றுப்பெற்ற நெடும்பாவுக்கு 'வீரன்' என்று தலைப்பு. விடுப்பு முடிந்தும் திரும்பாதவரைப் படைக்காவலர் வந்து அழைத்துப்போனார்கள். எழுதிய கை மட்டும் போய், பாட்டு பிரான்சிலிருந்து அஞ்சலில் விழாவுக்குச் சென்றது.

அந்த நாற்காலியைச் செதுக்கியவர் யூஜீன் வான்ஃப்ளெட்டரன். பெல்ஜியத்தின் மெகலன் நகரிலிருந்து போருக்கு அஞ்சித் தப்பி வந்து பர்க்கன்ஹெட்டில் அடைக்கலம் புகுந்த தச்சர். தம் மண்ணை விட்டோடி வந்தவர், அதே நாட்டு மண்ணில் புதைந்தவருக்கு இருக்கை செய்தார். இதைக் கற்பனையாகச் சொன்னால் மிகையென்று தள்ளிவிடுவோம்.

வீட்டாருக்கு வந்து சேர்ந்தது நாற்காலி, மகன் வரவில்லை. அதைக் காண ஆட்கள் வந்தார்கள். ஆண்டுதோறும் வந்தார்கள். 1923இல் ஊர் நடுவே அவருக்கு எழுப்பிய சிலையைத் தாயே திறந்து வைத்தார். அத்தாயார் தம் பேரன் ஜெரால்டிடம் ஒன்று வேண்டினார்: வருவோருக்குக் கதவைத் திறந்தே வை. பேரன் அதைக் காத்தார். ஆடுகளைப் பார்த்துக்கொண்டு, முன்பின் அறியாதவரையும் உள்ளே அழைத்து, நாற்காலியைக் காட்டிக் கதை சொன்னார். ஊரார்க்கு அவர் 'ஜெரால்ட் அர் அஸ்கூர்ன்.' முதுமை நெருங்கியபோது அவர் வீட்டை அங்காடியில் வைக்கவில்லை. 2012இல் அதனை ஸ்னோடோனியா தேசியப் பூங்கா ஆணையம் ஏற்றது. 2017இல், புலவர் மறைந்த நூறாம் ஆண்டில், செப்பனிட்ட வீடு மீண்டும் திறந்தது. ஜெரால்ட் 2021இல் மறைந்தார்.

உள்ளே நான் நின்றிருந்த நேரம் சிறிது. கரிய நாற்காலியின்முன் கண் நிலைக்கவில்லை என்பதே உண்மை. என் கண்கள் திரும்பத் திரும்ப வாயிற்கதவையே நாடின. எங்கள் உம்மாவின் வீட்டுக் கதவும் அத்தனை பெரிதன்று. லுஹர் தொழுதுவிட்டு வரும் அயலூராருக்கும் அதற்குள்ளே ஒரு வாய்ச் சோறு இருக்கும். உம்மா மறைந்த பிறகு நாங்கள் ஐவரும் ஐந்து ஊரில். அந்த வீட்டை விற்பதற்கான பத்திரம், என் ஒப்பம் வேண்டி, லிவர்பூலில் என் பெட்டியில் கிடந்தது. உம்மா எங்களிடம் எதையும் கேட்டுப் போகவில்லை. கேட்காமலே அறிய வேண்டியவர்கள் என்று எண்ணினாரோ என்னவோ!

அன்றிரவு தம்பி தொலைபேசியில் அழைத்தான். "காக்கா, வாங்குறவர் அவசரப்படுறார், பத்திரத்தை அனுப்பிட்டீங்களா?" என்றான்.

"வீட்டுச் சாவி யாரிடமப்பா இருக்கிறது?" என்று கேட்டேன்.

சிறிது நேரம் மௌனம். "பக்கத்து வீட்டு மாமிக்கிட்ட கொடுத்த ஞாபகம். ஏன் காக்கா?"

மாமியிடம் கேட்டு வாங்கி, வெள்ளிக்கிழமைதோறும் யாரையாவது அனுப்பிக் கதவைத் திறந்து வைக்கும்படி சொன்னேன். பத்திரத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.