மரம் மண்டபம், சேறுதான் வீடு

கோலாலம்பூரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் கம்போங் குவாந்தான் வந்துவிடும். இருட்டிய பிறகு துடுப்புப் படகில் ஏறினால், சிலாங்கூர் ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை ஒரே தாளத்தில் மின்னும். பூச்சி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மின்மினி உண்மையில் வண்டினம். இங்குள்ள டெரோப்டிக்ஸ் டெனர், அழியக்கூடிய இனமாக உலகச் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது.

வானொலிக்காரிக்கு இங்கே ஒரு சோதனை. மின்மினிக்குக் குரல் கிடையாது. துடுப்புச் சத்தத்தைத்தான் பதிவு செய்ய முடிந்தது. ஆனால், இதே வண்டைப் பற்றி முதுகலை ஆய்வு செய்யும் மாணவி ஒருவர் மறுநாள் காலை அழைத்துப்போன இடத்தில் எந்த வெளிச்சமும் இல்லை. மரங்களுக்குப் பின்னால், நிப்பா புதருக்குள், முழங்கால் வரை சேறு.

சின்னச் சதுரச் சட்டம் ஒன்றைத் தரையில் வைத்து, உள்ளே இருந்த நத்தைகளை எண்ணிக்கொண்டே சொன்னார்: “மரம் கல்யாண மண்டபம் மாதிரிக்கா. வீடு இங்கதான் இருக்கு.”

மரத்தில் ஆண் மின்மினி துணைக்காக மின்னுகிறது. பெண் மின்மினி கரையின் ஈர மண்ணுக்கு வந்து முட்டையிடுகிறது. அதிலிருந்து வரும் புழுக்கள் நிப்பா, சவ்வரிசிப் பனை நிழலில் சின்ன நத்தைகளைத் தின்று மாதக்கணக்கில் வளர்கின்றன. சிறகு முளைத்த பிறகு வாழ்வது சில வாரங்கள்தான்.

இரவில் மரங்களைப் படமெடுத்து ஒளிப்புள்ளிகளை எண்ணுவது மலேசிய வன ஆய்வுக் கழகத்தார் கையாளும் ஒரு முறை. ஆனால் இன்று நாம் பார்க்கும் வெளிச்சம், சில மாதங்களுக்கு முன் இந்தச் சேறு எப்படி இருந்தது என்பதைத்தான் காட்டுகிறது. ஆற்றோர மரங்களை விட்டுவிட்டு, பின்னால் உள்ள நிப்பாவை அழித்துச் செம்பனை நட்டால், கால்வாய் வெட்டி மண்ணைக் காயவைத்தால், நத்தை போகும். புழு பட்டினி கிடக்கும். மரம் மட்டும் நிற்கும். அது இருண்ட பிறகு எண்ணி என்ன பயன்?

2009இல் சிலாங்கூர் மாநிலம் இந்த ஆற்றங்கரையைப் பாதுகாப்புப் பகுதியாக அரசிதழில் அறிவித்தது. மரங்களோடு அவற்றின் பின்னால் இருக்கும் நிலமும் காக்கப்பட்டால்தான் அதற்குப் பொருள் உண்டு.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப்போங்கள். டார்ச் விளக்கும் கேமரா ஃபிளாஷும் வேண்டாம். முடிந்தால் இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய், மரங்களுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் புதரையும் அவர்களுக்குக் காட்டுங்கள்.