குத்ருப்

அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்பட்டு 1972 செப்டம்பரில் ஒளிபரப்பான 'மூன் ஆஃப் தி வுல்ஃப்' என்னும் மர்மப் படத்தைத் திருவாமாத்தூரில் எம் இல்லத்துப் பிள்ளைகள் கைப்பேசியிற் கண்டு நடுங்கினர். உடன் பார்த்த எனக்கு அச்சம் வரவில்லை, ஒப்பனை அவ்வளவுதான். மனம் ஒரு சொல்லிலே நின்றுவிட்டது.

லூயிஸியானாவின் சதுப்பு நிலத்துச் சிற்றூர். ஒரு பெண் கொலையுண்டு கிடக்கிறாள். நோயுற்ற முதியவர் ஒருவர் ஏதோ பிதற்றுகிறார். காவல் அதிகாரிக்கு அது விளங்கவில்லை. 'லூ கரூ' என்னும் பிரெஞ்சுச் சொல்லின் மரூஉ அது. ஓநாயாக மாறும் மனிதன் என்பது பொருள்.

அரபியில் இதற்கு நேரானது 'குத்ருப்'. நீர்மேல் ஓயாது அங்குமிங்கும் ஓடும் சிறு பூச்சிக்கும் அதுவே பெயர். விடியுமுன் தம் வாயிலில் வந்து நிற்கும் மாணவரை இலக்கண மேதை ஸீபவைஹி 'இரவின் குத்ருப்' என்றழைக்க, அதுவே அவர் பெயராய் நிலைத்ததை மத்ரஸாவில் ஓதியோர் அறிவர்.

1037இல் மறைந்த இப்னு ஸீனா, தம் 'அல்கானூன்' நூலில் குத்ருபை நோய்களின் வரிசையில் வைத்தார்: உயிரோடிருப்போரை அஞ்சி விலகி, இரவில் கல்லறைகளிடையே திரியும் ஒருவகை மனநோய். நீராட்டு, நல்லுணவு, உறக்கம் என மருத்துவம் கூறினார். பலிக்காவிடில் அடியும் சூடும் என்றார், அதை ஏற்பதற்கில்லை. எனினும் நோயாளியை அவர் விலங்காக்கவில்லை.

படத்திலோ அவன் உடன்பிறந்தாள் கையாலேயே சுடப்பட்டு மாள்கிறான்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியிற் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் ஓட இயலாது மாண்டனர். அத்தகையோரை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் பெரும்பாலும் அவர்தம் குடும்பத்தாரே.