மிச்சச் சில்லறை

உணவகத்தில் உண்டு முடித்ததும் சோம்புத் தட்டில் பில் வருகிறது. பணத்தை வைக்கிறோம், மீதி வந்ததும் நோட்டுகளை எடுத்துக்கொண்டு சில்லறையைத் தட்டிலேயே விட்டு எழுகிறோம். பரிமாறியவருக்கு அது 'டிப்ஸ்'. கொடுத்தால் நாம் தாராள மனத்தினர், கொடாவிடினும் குற்றமில்லை. இவ்வெண்ணத்தையும் பெட்டியோடு சுமந்துகொண்டே நம்மில் பலர் வெளிநாடு செல்கிறோம். நாங்களும் அவ்வாறே சென்றோம்.

2014-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஹூஸ்டன் நகரில் நாங்கள் நால்வர் இரவு உணவுக்குச் சென்றோம். அன்று தவக்காலத்து வெள்ளிக்கிழமை. புலால் கலவாத உணவு எதுவெனக் கேட்டறிய, பரிமாறிய பெண்மணி எங்களுக்காக மூன்று முறை சமையலறைக்குச் சென்று வந்தார். பில் 80 டாலர். அதில் வரி என்று தனியே ஒரு தொகை இருந்தது. பரிமாறியதற்கான கட்டணமும் அதனுள் அடங்கும் என எண்ணி, சரியாக எண்ணிப் பணத்தை வைத்துவிட்டு வெளியேறினோம். வண்டி நிறுத்துமிடம் வரை அப்பெண்மணி ஓடி வந்தார். முகத்தில் கோபமில்லை. "நான் பரிமாறியதில் ஏதேனும் குறை இருந்ததா?" என்று கேட்டார். "ஒரு குறையுமில்லை, மிக்க நன்றி" என்று முகமலர்ந்து கூறி விடைபெற்றோம். கேள்வியின் பொருள் எங்களுக்கு விளங்கவில்லை.

தங்க இடமளித்த நண்பர் அன்றிரவு விளக்கினார். அமெரிக்கக் கூட்டரசின் சட்டப்படி குறைந்த அளவு ஊதியம் மணிக்கு 7.25 டாலர். ஆனால் 'டிப்ஸ்' பெறும் பணியாளருக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டியது 2.13 டாலரே, 1991 முதல் இத்தொகை உயரவில்லை. எஞ்சியதை உண்ண வருவோர் தருவர் என்பது ஏற்பாடு. அது போதாவிடில் குறையை முதலாளி ஈடுசெய்ய வேண்டும் என்பதும் சட்டமே. கலிபோர்னியா முதலிய சில மாநிலங்கள் முழு ஊதியத்தையும் முதலாளியே தரவேண்டும் எனக் கட்டாயமாக்கியுள்ளன. டெக்சாஸ் அவ்வாறு செய்யவில்லை. ஆகவே அங்கு 15 முதல் 20 விழுக்காடு வைப்பது தயவன்று. பரிமாறியவரின் ஊதியமே அது.

பிறர்க்கு உரியதைக் கொடுப்பது நீதி, நமக்கு உரியதைக் கொடுப்பது ஈகை என்று குருமடத்தில் பாடம் கேட்டவர்கள் நாங்கள். தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்ற அவ்வேறுபாடு அந்த உணவு மேசையில் நினைவுக்கு வரவில்லை. 16 டாலரை உறையிலிட்டு நண்பரிடம் ஒப்படைத்துவிட்டு மறுநாள் விமானம் ஏறினோம். சில வாரங்களுக்குப்பின் தொலைபேசியில் அவர் சொன்னார்: அப்பெண்மணி வேலையை விட்டுச் சென்றுவிட்டார், உறை தம்மிடமே இருக்கிறது.

அந்த உறுத்தலோடு 2017-இல் ஜப்பானின் கியோத்தோ நகரில் ஒரு சிறு நூடுல்ஸ் கடையில் உண்டோம். இம்முறை தவறக்கூடாதென்று மேசைமீது 300 யென் வைத்து வந்தோம். மழையில் நனைந்தபடி முதிய பெண்மணி ஒருவர் ஓடி வந்து, நாணயங்களை எங்கள் உள்ளங்கையில் வைத்து, தலைதாழ்த்தி வணங்கிச் சென்றார். ஜப்பானில் 'டிப்ஸ்' வழக்கமில்லை. நன்கு பரிமாறுவது தொழிலின் கடமை. அதற்குரியது விலையிலேயே அடங்கிவிடுகிறது. மரபுவழி விடுதிகளில் சிலர் நன்றியாகச் சிறு தொகை தருவதுண்டு. அதையும் உறையிலிட்டே தருவர்.

ஒருவர் தமக்கு உரியது வராததால் ஓடி வந்தார். மற்றவர் தமக்கு உரியதல்லாததைத் திருப்பித் தர ஓடி வந்தார். இருவரும் தமக்குரியது எது என்று அறிந்திருந்தனர், அறியாதவர்கள் நாங்களே.

எனவே பயணம் புறப்படுமுன் கேட்டறிவோம். பிரான்சில் 1987 முதல் பரிமாறும் கட்டணம் விலைப்பட்டியலிலேயே அடங்கியுள்ளது. மேலும் தருவது நம் விருப்பம். இத்தாலியில் பல உணவகங்கள் 'கொப்பெர்த்தோ' என்று ஆளுக்கொரு தொகை பெறுகின்றன. அது உணவகத்திற்குரியது, பரிமாறியவருக்கன்று. கேட்பதில் இழிவில்லை, கேளாமல் கொடுப்பதிலும் கொடாதிருப்பதிலுமே இழிவு நேர்கிறது.

ஊர் திரும்பியபின் சோம்புத் தட்டைக் காணும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. இத்தனை ஆண்டுகளாகச் சில்லறையை விட்டு எழுந்திருக்கிறோமே, நமக்குப் பரிமாறுகிறவருக்கு என்ன ஊதியம் என்று ஒருமுறையேனும் கேட்டிருக்கிறோமா?