காதைப் பொத்திக்கொண்டு ராக் கேட்பவன்

எனக்கு ராக் இசை என்றால் உயிர். எனக்குச் சத்தமும் ஆகாது. இரண்டையும் ஒரே ஆள் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால், நெடுங்காலம் இரண்டையுமே வெளியே சொல்லாமல் இருந்தேன்.

சத்தம் ஆகாது என்றால் வெறும் எரிச்சல் அல்ல, வலி. எவர்சில்வர் தட்டைத் தொட்டிக்குள் போட்டால் காதுக்குள் குத்தும். லண்டன் ரோட்டில் 109ஆம் இலக்க பஸ் பிரேக் பிடித்தால் தோள் இரண்டும் தானாக மேலே ஏறும். தென் லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் நான் நடந்துபோகிற பாதையைத் தெரு பார்த்து வைக்கவில்லை, எங்கே ஆம்புலன்ஸ் அதிகம் திரும்பும் என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

போரில் வந்தது என்றுதான் உறவினர் எல்லாரும் சொல்லுவார்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன், பொம்பர் சத்தமும் ஷெல் சத்தமும் கேட்ட காது, அப்படித்தான் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அதே பங்கருக்குள் என் பக்கத்தில் இருந்த அக்கா இன்றைக்கு மிக்ஸியை ஓடவிட்டுக்கொண்டே போனில் கதைக்கிறாள். ஆகவே காரணம் தேடுவதை விட்டுவிட்டேன். ஆடியாலஜிஸ்ட் இதற்குச் சொன்ன பெயர் ஹைப்பர்அக்யூசிஸ். கண்ணாடி அறைக்குள் இருத்தி, ஹெட்போனைப் போட்டு, மெல்லிய ‘பீப்’ கேட்கும்போதெல்லாம் பட்டனை அமத்தச் சொன்னார். முடிவில் என் கேள்திறன் சாதாரணமானது என்றார். காது சரியாகத்தான் கேட்கிறது. வாங்கிய ஒலியை மூளைதான் மேலதிகமாகப் பெருக்குகிறது. பலருக்கு இதன் காரணம் கடைசிவரை தெரிவதே இல்லையாம்.

அப்படிப்பட்டவன் ராக்கில் போய் விழுந்ததற்கு மகள்தான் பொறுப்பு. அவள் கிட்டார் பழகத் தொடங்கினாள். மேல்மாடியில் அவள் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்க, நான் கீழே சமைத்துக்கொண்டு கேட்டேன். கதவு மூடியிருந்ததால் கூர்மையெல்லாம் வடிந்து, தாழ்ந்த ஒலி மட்டும் கீழே வந்தது. அது பிடித்துப்போனது. கதவைத் திறந்தால் மட்டும் தாங்க முடியவில்லை. ஏன் என்று தேடப் போய்த்தான் எலெக்ட்ரிக் கிட்டாரைப் பற்றி அறிந்துகொண்டேன்.

இதே லண்டனின் மேற்கே ஹான்வெல்லில், 1962இல் ஜிம் மார்ஷலின் கடையில் முதல் மார்ஷல் ஆம்ப்ளிஃபையர் உருவானது. அந்தப் பெட்டியை அதன் கொள்ளளவுக்கு மேலே தள்ளினால் ஒலியலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். வெட்டுப்பட்ட இடத்தில் மூலச் சுரத்துக்கு மேலே புதிய அதிர்வெண்கள் அடுக்கடுக்காக முளைக்கும். ராக்கின் கரகரப்பு அதுதான். அந்த அடுக்கில் ஒரு பங்கு 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸுக்குள் விழுகிறது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியும் அதுவே. சிம்பலின் சிதறலும் அங்கேயே வந்து சேர்கிறது. போதாததற்கு, இடைவெளி இல்லாமல் வருகிறது.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. தவில் என்ன குறைந்த சத்தமா? எங்கள் முருகன் கோயில் திருவிழாவில் தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் கிட்ட நின்றிருக்கிறேன். காது இரைந்தது, ஆனால் உடம்பு பதறவில்லை. கலியாண வீட்டில் ஐயர் கையைத் தூக்கியதும், யாரோ ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்’ என்று சொன்னதும், இனி அடி விழப்போகிறது என்று சபைக்கே தெரியும். தாளம் தெரிந்த உடம்பு முன்கூட்டியே தயாராகிவிடும். என்னைப் போன்றவனை உலுக்குவதில் பாதி சத்தத்தின் அளவு. மற்றப் பாதி அது எப்போது வரும் என்று தெரியாமை.

அன்றிலிருந்து ஒரு முறை வைத்துக்கொண்டேன். புதிய பாட்டை முதலில் மிக மெல்லிய ஒலியில், சமையலறையில், நாள்கணக்கில் ஓடவிடுவேன். டிரம் எங்கே இறங்கும், கிட்டார் எங்கே வெடிக்கும் என்று உடம்புக்கு மனப்பாடம் ஆகும்வரை. பிறகு அதே பாட்டைக் கூட்டி வைத்தாலும் தோள் ஏறுவதில்லை. எனக்குத் தெரிந்த எவரும் ராக்கை இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

அரங்குக்குப் போவது வேறு விஷயம். அங்கே பழக்கம் மட்டும் காப்பாற்றாது, கணக்குத் தெரியவேண்டும். டெசிபெல் மூன்று கூடினால் ஒலியாற்றல் இரட்டிப்பு. 85 டெசிபெல்லில் 8 மணி நேரம் இருக்கலாம் என்றால் 88இல் 4 மணி நேரம். 100இல் வெறும் 15 நிமிடம். பிரிட்டனில் வேலையிட இரைச்சலுக்கான 2005ஆம் ஆண்டு விதிகள், இசை அரங்குகளுக்கு 2008 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. 85ஐத் தொட்டால் ஊழியருக்குக் காதுப் பாதுகாப்பு கட்டாயம். பாரில் பியர் ஊற்றுபவரைக் காக்கும் அந்த விதி, காசு கொடுத்து உள்ளே வந்த எங்களைக் காப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் அரங்குகளுக்கென்று ஒரு தரநிலை வெளியிட்டு, சராசரி 100 டெசிபெல்லைத் தாண்டவேண்டாம் என்றது.

எங்கள் தென் லண்டனுக்குச் சத்தத்தில் பழைய பேரும் உண்டு. எங்கள் வீட்டிலிருந்து எட்டிப் போகும் தூரத்தில் இருக்கிற கிறிஸ்டல் பேலஸ் பூங்காவில் 1971 மே மாதம் பிங்க் ஃபிளாய்ட் குழு வாசித்தபோது குளத்து மீன்கள் செத்து மிதந்ததாக இன்றும் கதை உண்டு. 1976இல் சார்ல்டன் கால்பந்து மைதானத்தில் ‘தி ஹூ’ குழு 126 டெசிபெல் எட்டிக் கின்னஸில் ஏறியது. காதைக் கெடுக்கும் போட்டி என்று கின்னஸ்காரர்கள் பின்னர் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். அந்தக் குழுவின் பீட் டவுன்ஷெண்ட் தன் காது கெட்ட கதையைத் தானே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஏசி/டிசி குழுவின் பிரையன் ஜான்சன் 2016இல், இனிப் பாடினால் முழுச் செவிடாகலாம் என்ற எச்சரிக்கையால் சுற்றுப்பயணத்தின் நடுவே மேடையை விட்டார். சத்தம் தாங்காதவர்கள் கேட்கும் பக்கத்தில் மட்டும் இல்லை.

மகளோடு பிரிக்ஸ்டனுக்கு ஒரு கச்சேரிக்குப் போனேன். காதில் இசைக்கலைஞர்களுக்கான ஃபில்டர் வைத்த பிளக். சாதாரண ஸ்பஞ்ச் பிளக் உயர்ந்த ஒலிகளைக் கூடுதலாக வெட்டும். பாட்டு போர்வைக்குள் இருந்து வரும். ஃபில்டர் வைத்தது எல்லா ஒலியையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும்; பாட்டு சிறிதாகும், சிதையாது. நின்ற இடம் மிக்ஸிங் மேசைக்குப் பக்கம். ஒலிப் பொறியாளர் தன் காதுக்கு ஏற்றபடி சமப்படுத்துவது அங்கேதான். மேடையோரத்து ஸ்பீக்கர்களும் தூரம்.

கையை இரும்புக் கம்பியில் வைத்தேன். பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு தட்டும் கம்பி வழியாக உள்ளங்கைக்கு வந்தது. பாதத்துக்கு வந்தது. நெஞ்செலும்பில் நின்று அதிர்ந்தது. பிளக் தடுக்காத பகுதி இது, வலிக்காத பகுதியும் இதுதான்.

மகள் என் கையைத் தட்டினாள். “அப்பா, ஓகேயா? வெளிய போவமா?”

“இல்லைப் பிள்ளை. எனக்குத் தெரிஞ்ச பாட்டு இனித்தான் வரும்.”

வந்தது. டிரம் இறங்கும் இடத்தை நான் அவளுக்கு முன்னரே கையால் காட்டினேன்.

ஆனால் பிளக்கை நாள் முழுக்க மாட்டித் திரியக்கூடாது என்று ஆடியாலஜிஸ்ட் கண்டிப்பாகச் சொன்னார். ஒலியே இல்லாமல் வைத்தால் மூளை இன்னும் கூட்டிப் பெருக்கத் தொடங்கும். ஆகவே பஸ்ஸில் கழற்றிவிடுவேன், சமையலறையில் போடுவதில்லை. தாங்கும் அளவு சத்தத்தோடு பழகிக்கொண்டே இருக்கவேண்டும். இது வைத்தியத்தின் பாதி.

மற்றப் பாதி, வாயைத் திறப்பது. எங்கள் சாமத்திய வீடுகளிலும் பிறந்தநாள் விழாக்களிலும் டிஜே தொடங்கினால், போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு கார் பார்க்குக்குப் போய்விடுவது என் வழக்கமாக இருந்தது. இப்போது அழைப்பு வந்ததுமே சொல்லிவிடுகிறேன்: “எனக்குக் காது கூசும். ஸ்பீக்கருக்குத் தள்ளி ஒரு மேசை தாங்கோ.” சொல்லத் தொடங்கியதும் அந்த மேசைக்கு ஆள் சேர்ந்தது. ஹியரிங் எய்ட் போட்ட பெரியவர் ஒருவர் வந்தார். ஆட்டிசம் உள்ள மகனுக்குப் பெரிய காதுக்கவசம் மாட்டிய தாய் ஒருத்தி வந்தாள். முழு விழாவும் இருந்து சாப்பிட்டுப் போனது இதுதான் முதல் தடவை என்றாள்.

மண்டபம் பிடிப்பவர்களுக்கு ஒரு செலவில்லாத வேண்டுகோள்: டிஜேயோடு பேசும்போதே தூரத்து மூலையில் ஒரு மேசை கேட்டு வையுங்கள், பட்டாசோ பலூனோ வெடிக்கும் முன் மைக்கில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் அந்த மூலையில் இருப்பேன். பாட்டு நல்லதென்றால் முதலில் எழும்பி ஆடுபவனும் நானாகத்தான் இருப்பேன்.