பதின்மூன்றாவது கதிரை

தபாற்காரனை எதிர்பார்த்துப் படலையடியில் நின்ற தலைமுறையைச் சேர்ந்தவன் நான். பரீட்சைப் பெறுபேறு, உத்தியோகக் கடிதம், கலியாணப் பேச்சுக்கு மறுமொழி ஆகிய எல்லாம் அந்தச் சைக்கிள் மணியோசையுடனேயே எங்கள் வீட்டுக்கு வந்தன. ஆயினும், 2025ஆம் ஆண்டு பங்குனியிலும் சித்திரையிலும், கலிபோர்ணியாவில் என் மகளுடைய வீட்டில், ஒரு கைத்தொலைபேசி ஒலிக்காதா என்று ஐந்து பேர் காத்திருந்தோமே, அந்தக் காத்திருப்புக்கு அவை ஒன்றும் ஈடாகா.

மகளுடைய மூத்த பிள்ளைக்கு அப்பொழுது பதினேழு வயது. உயர்தர பாடசாலையில் இறுதி வகுப்பு. ஆறடி ஓரங்குல உயரம். எங்கள் பரம்பரைக்கு இந்த உயரம் எங்கிருந்து வந்ததென்று எனக்கு விளங்கவில்லை. மருமகப்பிள்ளை தம் பக்கத்துப் பூட்டனார் ஒருவரைக் காரணங் காட்டுகிறார். அவரை நேரிற் கண்டவர் எவரும் இன்று உயிரோடில்லாதபடியால் அதை மறுப்பதற்கும் வழியில்லை. வாசற் கதவில் தலை தட்டும் இந்தப் பிள்ளை, கூடைப்பந்தாட்டத்தில் குள்ளர் வரிசையிலேயே வைத்து எண்ணப்படுகிறான் என்பதுதான் வேடிக்கை.

அவன் விரும்பியது ஒன்றே ஒன்று. கல்லூரிக் குழுவில் ஓர் இடம். அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து என்பது நம் நாட்டுப் பாடசாலைகளின் கிரிக்கெற் போன்றதன்று. அதன் முதலாம் பிரிவில் மாத்திரம் ஏறக்குறைய 360 கல்லூரிகளும் பல்கலைக் கழகங்களும் ஆடுகின்றன. ஆண்கள் குழுவொன்றுக்குப் பதின்மூன்று புலமைப்பரிசில்கள் என்பது நெடுங்காலம் இருந்த விதி. படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அதில் அடங்கும். பதின்மூன்று கதிரைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் மூன்று நான்கு பேர் எழுந்து போக, அந்த மூன்று நான்கு கதிரைகளுக்கு ஆள் தேடுவதே பயிற்றுநர்களின் பெருந்தொழில். முன்னணிப் பிள்ளைகளைக் கார்த்திகை மாதத்திலேயே ஒப்பமிடச் செய்துவிடுவார்கள். எஞ்சும் ஒன்றிரண்டு கதிரைகளின் கதைதான் சித்திரையில் நடப்பது. எங்கள் பிள்ளை அந்தச் சித்திரைக் கூட்டத்தைச் சேர்ந்தவன்.

முன்னைய மாசி மாதத்தில், நான் போய் இறங்கிய கிழமையிலே, ஒரு பல்கலைக் கழகத்தின் உதவிப் பயிற்றுநர் வாரத்துக்கு இருமுறை பேசிக்கொண்டிருந்தார். பல்கலைக் கழகத்தின் பெயர் வேண்டாம். "உன் கண் நன்றாக இருக்கிறது, பந்தை எங்கே கொடுக்கவேண்டுமென்று உனக்குத் தெரிகிறது" என்று அவர் சொன்னதைப் பிள்ளை எனக்கு மூன்று தடவை சொன்னான். மகள் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்தப் பந்து விவகாரத்தில் நம்பிக்கை இல்லை. அரசினர் பல்கலைக் கழகமொன்றில் பொறியியல் படிக்க அவனுக்கு அனுமதி கிடைத்திருந்தது. அனுமதியை ஏற்று முற்பணம் கட்டுவதற்கு வைகாசி முதலாந் திகதி கடைசி நாள். அந்தத் திகதியைக் குளிர்பெட்டியின் கதவில் சிவப்பு மையால் எழுதி ஒட்டியிருந்தாள்.

பங்குனி பிறந்ததும் பேச்சுக் குறைந்தது. வாரத்துக்கு ஒரு முறையாயிற்று. பின்பு இரண்டு வரிச் செய்தியாயிற்று. பின்பு அதுவும் நின்றுவிட்டது.

அந்த மௌனத்தின் காரணத்தை விளங்கிக்கொள்ள எனக்குப் பல இரவுகள் பிடித்தன. படிப்பிக்கும் தொழிலில் இருந்தவனுக்கு, ஒரு விடயம் விளங்காமல் நித்திரை வராது. 2018ஆம் ஆண்டு ஐப்பசியில் 'போர்ட்டல்' என்ற பெயரில் ஓர் இடமாற்றப் பதிவேட்டை அங்கே திறந்தார்கள். ஒரு கல்லூரியை விட்டு வேறொன்றுக்குப் போக விரும்பும் ஆட்டக்காரன் அதில் தன் பெயரைப் பதியலாம். முன்பெல்லாம் அவ்வாறு மாறுபவன் ஓராண்டு ஆடாமல் இருக்கவேண்டும். 2021இல் முதல் மாற்றத்துக்கு அந்தத் தண்டனை நீங்கிற்று. 2024இல் எத்தனை முறை மாறினாலும் இல்லையென்றாயிற்று. 2025இல் அந்தப் பதிவேடு பங்குனி 24 முதல் சித்திரை 22 வரை திறந்திருந்தது. முதலாம் பிரிவின் ஆண் ஆட்டக்காரர்களுள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் அதிற் பெயர் கொடுத்தார்கள்.

இனிப் பயிற்றுநரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவரிடம் ஒரு கதிரை வெறுமையாக இருக்கிறது. ஒரு பக்கம் பதினேழு வயதுப் பையன். நல்ல கண், மெல்லிய தோள். மறுபக்கம் இருபத்திரண்டு வயது இளைஞன். நூறு ஆட்டங்கள் கண்டவன், இன்றைக்கே இறக்கிவிடலாம். தோற்றால் வேலை போய்விடும் மனிதர் எவரை எடுப்பார்? நானாயிருந்தாலும் இளைஞனையே எடுத்திருப்பேன். இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. தொழில்முறைக் குழுக்களின் தெரிவுக்குப் பெயர் கொடுத்த கல்லூரி ஆட்டக்காரர்கள், மனம் மாறித் திரும்பிவர அவ்வாண்டு வைகாசி 28 வரை தவணை இருந்தது. ஆகவே தம்மிடம் எத்தனை கதிரைகள் வெறுமை என்பதே பல பயிற்றுநர்களுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, பதின்மூன்று புலமைப்பரிசில் என்ற விதியை நீக்கிப் பதினைந்து பேர் கொண்ட குழு என்று மாற்றும் வழக்கொன்று நீதிமன்றத்தில் முடியாமற் கிடந்தது. ஆனி 6ஆந் திகதிதான் அதற்குத் தீர்ப்புக் கிடைத்தது. கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்பதும் அத்தீர்ப்பின் பகுதி. அது நியாயமே என்பது என் அபிப்பிராயம். பிள்ளைகளின் வியர்வையிற் பிறரெல்லாம் செல்வந்தராகும்போது பிள்ளைகள் மாத்திரம் வெறுங்கையோடு போவது என்ன முறை? ஆனால் விதிகள் மாறுகின்ற வேளையில் இடையில் அகப்பட்ட ஒரு வகுப்புப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுள் ஒருவன் எங்கள் வீட்டுச் சோபாவில் கைத்தொலைபேசியை நெஞ்சில் வைத்தபடி நித்திரை கொண்டான்.

சித்திரை 7ஆந் திகதி இரவு இறுதியாட்டம். புளோரிடாப் பல்கலைக் கழகம் ஹூஸ்டனை 65க்கு 63 என்ற கணக்கில் வென்றது. முடிவு வரை மூச்சு விட முடியவில்லை. எனக்கு விதிகள் அரைகுறையாகவே தெரியும். ஆனாலும் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் பிள்ளை அமைதியாகச் சொன்னான்:

"அம்மப்பா, கிளேட்டன், மார்ட்டின், ரிச்சர்ட் மூன்று பேரும் வேறு கொலிச்சிலை இருந்து வந்தவை. மூன்று பேரும் என்னுடைய இடத்திலை ஆடுறவை."

நான் ஒன்றுஞ் சொல்லவில்லை. அவன் ஒரு வகையில் எனக்குக் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தான்.

அவனுடைய அறைச் சுவரில் ரசல் வெஸ்ட்புறூக் என்பவரின் படம் ஒட்டப்பட்டிருக்கிறது. சட்டையில் பூச்சிய இலக்கம். ஒரு நாள் அதைப் பற்றிக் கேட்டேன். பிள்ளை சொன்ன கதையை நான் பின்பு தேடிப் படித்தும் உறுதி செய்துகொண்டேன். வெஸ்ட்புறூக், லோஸ் ஏஞ்சலிசுக்கு அணித்தான லோண்டேல் என்னுமூரில் லூசிங்கர் உயர்தர பாடசாலையிற் படித்தவர். அங்கு சேர்ந்தபோது ஐந்தடி எட்டங்குலம். அவரோடு கூடவே வளர்ந்த நண்பன் ஒருவன் இருந்தான். கல்லூரிகள் தேடியது அந்த நண்பனைத்தான். இருவரும் ஒன்றாக யூ.சி.எல்.ஏ. எனப்படும் லோஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக் கழகத்துக்குப் போவதென்று பேசிக்கொண்டார்கள். 2004ஆம் ஆண்டு அந்த நண்பன் பந்தாடிக்கொண்டிருந்தபோதே இதயநோயால் இறந்துபோனான். வெஸ்ட்புறூக்குக்குக் கல்லூரி ஒன்றிலிருந்து முதற் கடிதம் வந்ததே கடைசி வகுப்புக்கு முந்திய கோடையில்தான். யூ.சி.எல்.ஏ.யிலோ இடமில்லை. 2006 சித்திரையில் அக்குழு இறுதியாட்டத்தில் தோற்றது. அதன்பின் அதன் முதன்மை ஆட்டக்காரர் ஜோர்டன் பார்மர் படிப்பை இடையில் விட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகத் தீர்மானித்தார். ஒரு கதிரை வெறுமையாயிற்று. அதில் வெஸ்ட்புறூக் உட்கார்ந்தார். முதலாண்டில் ஆட்டத்துக்குச் சராசரி 3.4 புள்ளிகள், எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2008இல் நாடு முழுவதற்குமான தெரிவில் நாலாமவர். 2017இல் தொழில்முறைச் சங்கத்தின் அதிசிறந்த ஆட்டக்காரர்.

"பார்மர் போகாமல் இருந்திருந்தால்?" என்று கேட்டேன்.

"அதைத்தான் நானும் யோசிக்கிறனான்" என்றான் பிள்ளை.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. வெஸ்ட்புறூக்கை நினைத்தன்று. எழுபதுகளில், நான் படிப்பித்த பாடசாலையில் கிரிக்கெற் குழுவுக்குப் பொறுப்பாசிரியனாகச் சில ஆண்டுகள் இருந்தேன். ஓர் ஆண்டு, பெரிய ஆட்டத்துக்குப் பத்துப் பேரைத் தெரிந்தெடுத்துவிட்டேன். பதினோராவது இடத்துக்கு இரண்டு பிள்ளைகள். ஒருவன் நன்றாகப் பந்து வீசுவான், மற்றவன் ஒரு நாளும் பயிற்சிக்குப் பிந்தியதில்லை. இரண்டு கிழமைக்கு முன்பே வேகப்பந்துக்காரனை எடுப்பதென்று மனத்தில் முடிவு செய்துவிட்டேன். ஆனால் மற்றவனுக்குச் சொல்லவில்லை. முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லை என்பதே உண்மை. அவன் அந்த இரண்டு கிழமையும் எல்லோருக்கும் முந்தி வந்து வலை கட்டினான். வெள்ளிக்கிழமை மாலை பெயர்ப்பட்டியலை விளம்பரப் பலகையில் ஒட்டிவிட்டு, பின்வாசலால் வீட்டுக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை அவன் என்னிடம் வந்து, "சேர், முந்தியே சொல்லியிருக்கலாமே; அம்மா வெள்ளைக் காற்சட்டைக்குத் துணி வாங்கிப்போட்டா" என்றான். கோபமில்லை. கேட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டான்.

ஐம்பது ஆண்டுகளாகின்றன. அந்தக் காற்சட்டைத் துணியை நான் மறந்ததில்லை. அமெரிக்காவில் எவனோ ஓர் உதவிப் பயிற்றுநனைத் திட்டிக்கொண்டு படுத்திருந்தவனுக்கு, தானும் பின்வாசலால் போனவன்தான் என்ற நினைவு வந்தது.

இந்த ஆட்டத்தின் தோற்றத்தைப் பற்றி ஒரு செய்தி இங்கே சொல்லத் தோன்றுகிறது. 1891ஆம் ஆண்டு மார்கழியில், மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்டில், கனடா நாட்டவரான ஜேம்ஸ் நெயிஸ்மித் என்ற ஆசிரியர் பீச்சுப் பழக் கூடைகள் இரண்டை மேல்மாடத்துக் கைப்பிடியில் அறைந்து இதைத் தொடக்கினார். அவர் வகுப்பில் பதினெட்டு மாணவர். பக்கத்துக்கு ஒன்பது பேராகப் பதினெட்டுப் பேரையும் ஆடவிட்டார். அன்றைக்கு எவரும் வெளியில் உட்காரவில்லை.

சித்திரை 27, ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து மகள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கைத்தொலைபேசி ஒலித்தது. அழைத்தவர் மூன்றாம் பிரிவுக் கல்லூரியொன்றின் தலைமைப் பயிற்றுநர். மூன்றாம் பிரிவிலே ஆட்டத்துக்காகப் புலமைப்பரிசில் கிடையாது. படிப்புக்கும் குடும்ப நிலைமைக்கும் ஏற்பவே உதவி. மருமகப்பிள்ளையின் வற்புறுத்தலால் அக்கல்லூரிக்கும் விண்ணப்பித்திருந்தான். கணிதத் துறையில் அனுமதியும் ஒரு தொகை உதவியும் கிடைத்து, அந்தக் கடிதம் மேசைத் தட்டிற் கிடந்தது. பிள்ளை எல்லோருக்குங் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்தான்.

மனிதர் சுற்றி வளைக்கவில்லை. தம்மிடம் இரண்டு இடம் இருந்ததென்றும், ஒன்று முதல்நாள் நிரம்பிவிட்டதென்றும், மற்றதற்கு இரண்டு பேரைக் கேட்டு இருவரும் மறுத்துவிட்டார்கள் என்றும் சொன்னார். "நீ என் பட்டியலில் மூன்றாவது. முதலாண்டு முழுவதும் நீ வெளியில் உட்கார்ந்திருக்க நேரிடலாம். புதன்கிழமை வரை இடத்தை வைத்திருப்பேன். வேண்டாமென்றால் அதையும் சொல். வேறொரு பிள்ளை காத்திருக்கிறான்."

அவ்வளவுதான். நாலு நிமிடம்.

பிள்ளை கைத்தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தான். "மூன்றாவது ஆள் எண்டு நேரே சொல்லிப்போட்டார், அம்மப்பா!" பரிசு கிடைத்தவனைப்போல அதைச் சொன்னான். இரண்டு மாதத்திற்குப் பிறகு ஒருவர் அவனுக்கு உண்மை சொல்லியிருந்தார்.

மகள் கையைத் துடைத்தபடி நின்றாள். "பொறியியல்?" என்று மட்டும் கேட்டாள். அதற்குமேல் அன்று பேச்சில்லை. திங்களும் செவ்வாயும் வீட்டில் இரண்டு கட்சிகள் நிலவின. மருமகப்பிள்ளை பிள்ளையின் பக்கம். பேர்த்தி அன்றன்றைக்கு இனிப்புக் கொடுத்தவர் பக்கம். என்னிடம் இரு கட்சியாரும் தனித்தனியே வந்தார்கள். மகளிடம், கணிதம் படித்தவன் பட்டினி கிடந்ததில்லை என்றேன். நான் கணித ஆசிரியன் என்பதை அவள் நினைவூட்டினாள். பிள்ளையிடம், ஓராண்டு வெளியில் உட்கார்ந்திருக்க முடியுமா என்று கேட்டேன். "இரண்டு மாசம் ஒரு மறுமொழியும் இல்லாமல் இருந்தனான்தானே" என்றான்.

புதன்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பின், மகள் தன் கணினியைச் சமையலறை மேசையில் வைத்துத் திறந்தாள். அருகிற் போய் நின்றேன். அந்தச் சிறிய கல்லூரியின் பக்கம் தெரிந்தது. முற்பணத் தொகையை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, அவளே பொத்தானை அழுத்தினாள். பின்பு குளிர்பெட்டிக்குப் போய், சிவப்பு மையால் எழுதிய கடதாசியை உரித்தெடுத்து நாலாக மடித்தாள். எறியவில்லை, மேசை இலாச்சிக்குள் வைத்தாள்.

முன்னைய பயிற்றுநரிடமிருந்து, நான் ஆனி மாதம் விமானம் ஏறும்வரை ஒரு சொல்லும் வரவில்லை. பிள்ளை அவருக்கு நன்றி கூறி ஒரு செய்தி அனுப்பியதாகப் பேர்த்தி எனக்கு இரகசியமாகச் சொன்னாள்.

அந்தப் புதன்கிழமை இரவு, காரோடும் முற்றத்தில் வெகுநேரம் பந்து நிலத்தில் மோதும் ஓசை கேட்டது. பத்தரை மணிக்கு அயல்வீட்டார் யன்னலைத் திறந்தார்கள். மகள் எழுந்து போய் வெளிவிளக்கை அணைத்தாள். அதன் பிறகும், இருட்டில், மூன்று நாலு முறை அந்த ஓசை கேட்டது.